ஒன்பதாம் பிரிவுக்கு வந்த கடிதங்கள்

சட்டமன்ற அலுவலகத்தில் அவளுக்குச் சண்டைக்கோழி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள்; சொன்னால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். மசோதா ஒன்று வந்தால் மக்கள் எழுதி அனுப்பும் கருத்துகளை ஆதரவு, எதிர்ப்பு, செல்லாதது என்று மூன்று தட்டுகளில் போடுவதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை.

இந்த முறை வந்த மசோதாவைப் படித்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓர் இனத்தின் வரலாற்றை மட்டும்தான் சொல்லித்தர வேண்டுமாம். மதம் மாறி, இனம் மாறிக் கல்யாணம் செய்தவர்களைத் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமாம். அது ஒன்பதாம் பிரிவு. அவளுடைய ஒரே மகள் அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

"மாட்டுக்குச் சூடு போடற மாதிரி மனுஷனுக்குமா? எழுதினவன் நாசமாப் போக!" என்றாள் சண்டைக்கோழி.

அங்கே பழைய விதி ஒன்று உண்டு. சட்டப்பிரிவின் எண்ணைக் குறிப்பிடாத கடிதம் செல்லாது. ஆதரவாளர்களுக்குக் கட்சிக்காரர்களே எண் அச்சிட்ட தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எதிர்த்து எழுதியவர்களோ தையல்காரர், நர்ஸ், பஸ் டிரைவர். வயிறெரிந்து எழுதுகிறவனுக்கு எண்ணா ஞாபகம் வரும்? நான்கு நாட்களாக அவளே அந்தக் கடிதங்களின் மூலையில் பென்சிலால் 'பிரிவு 9' என்று எழுதி எதிர்ப்புத் தட்டில் போட்டாள். இருநூறு தாண்டிவிட்டது.

ஐந்தாம் நாள் பிரித்த உறையில் அண்ணன் கையெழுத்து.

'என் தங்கை தன் மகளை அடக்க வக்கில்லாமல் அந்நிய இனத்தானுக்குக் கொடுத்தாள். இப்படிப்பட்டவர்களுக்காகவே இந்தச் சட்டம் வேண்டும்.' மகள் பெயர், மருமகன் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதியிருந்தான், பாவி. பிரிவு எண் மட்டும் இல்லை. செல்லுகிற கடிதங்கள் அப்படியே அச்சாகி ஊர் பார்க்க வெளிவரும். "தொலைஞ்சான்!" என்று செல்லாத தட்டில் விட்டெறிந்தாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து எதிர்ப்புக் கட்டைப் புரட்டினார்.

"இந்தப் பென்சில் யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"எதிர்ப்புக்கு மட்டும் போட்டிருந்தா இத்தனையும் செல்லாது. உங்க வேலையும் போயிடும்."

"யாரு மறந்திருந்தாலும் போடுவேன்."

"ஆதரவுல ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

அச்சுத் தாள்களில் எதைக் காட்டுவது? எண் இல்லாத ஆதரவுக் கடிதம் மொத்த அறையிலும் ஒன்றே ஒன்றுதான். செல்லாத தட்டிலிருந்து அதை எடுத்தாள்.

"இது இன்னிக்கு வந்தது சார். இனிமேதான் போடணும்." அவர் கண்முன்னாலேயே 'பிரிவு 9' என்று எழுதிக் கொடுத்தாள்.

அவர் படித்தார். அவளைப் பார்த்தார். கடிதத்தை ஆதரவுத் தட்டில் வைத்து, எதிர்ப்புக் கட்டைத் தொடாமல் போய்விட்டார்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நம்பர் போட மறந்துட்டியே, நானே போட்டுட்டேன். உனக்கு இப்ப குளுகுளுன்னு இருக்குமே?"

"அம்மாடி, நான் நாட்டு நல்லதுக்கு..."

"என் வீட்டு வாசப்படி மிதிச்சே, காலை ஒடச்சிடுவேன்."

அடுத்து மகள்.

"என்னம்மா, ஆபீஸ்ல இருந்து?"

"உன் பேரும் உங்க தெருவும் அச்சுல வரப்போகுது கண்ணு. எழுதினது உன் மாமா. தள்ள வேண்டியதைச் செல்லும்னு எடுத்துக் குடுத்தது நான்."