நாய்க்குப் போட்ட மாலை

அறுபது வயது முடிந்ததும் தேயிலைத் தோட்டத்தில் என் வேலையும் முடிந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே வேலையிலிருந்து ஓய்ந்தவர். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். தீபாவளி வரைக்கும் இருந்துவிட்டுப் போங்கள் என்று மானேஜர் சொன்னதே பெரிய மனது.

மகள் ஈப்போ டவுனில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் வந்துருங்கம்மா. நாய் மட்டும் வேணாம்லா, இங்க விட மாட்டாங்க," என்று போனில் சொல்லிவிட்டாள். நாய்க்குப் பன்னிரண்டு வயது. அதை எங்கே விடுவது என்ற யோசனையிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் கொழுந்தனாரைக் கேட்டேன். "கெழட்டு நாய வச்சு நான் என்னா பண்றது அண்ணி?" என்று கையை விரித்துவிட்டார்.

எனக்கு எழுதுகிற பழக்கம் உண்டு. கொழுந்து வெட்டும்போது மனசுக்குள் வரிவரியாகக் கதை ஓடும். சாயங்காலம் முதுகு வலியோடு உட்கார்ந்து பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பேன். ஓய்வு கிடைத்தால் எவ்வளவோ எழுதலாம் என்று முப்பது வருஷம் ஏங்கியிருக்கிறேன். இப்போது நாள் முழுக்க ஓய்வு, ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. பேனாவை மூடிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. மலை ஏறாத காலும் வலிக்கிறதே, அதுதான் எரிச்சல்.

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கோழிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். நாய் வாசலில் வந்து நின்றது. கழுத்தில் செவந்திப்பூ மாலை, நெற்றியில் சிவப்பாகப் பொட்டு. எங்கள் முனியாண்டி கோயிலில் வெட்டப்போகிற கிடாவுக்குத்தான் இப்படி மாலை போட்டுப் பொட்டு வைப்பார்கள். பக்கத்து லயத்தில் தோட்ட வேலைக்கு வந்த நேப்பாளத்து ஆட்கள் இருக்கிறார்கள். நாய் பாதி நாள் அங்கேதான் கிடக்கும்.

"வெட்டறதுக்குப் பொட்டு வச்சிட்டானுங்க!" என்று கத்தினேன்.

"கத எழுதி எழுதி ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சு. நாய எவன் வெட்டுவான்?" என்றார் வீட்டுக்காரர்.

கையில் இருந்த கரண்டியோடு பக்கத்து லயத்துக்கு ஓடினேன். நாயும் பின்னாலேயே வந்தது, சாகப்போகிற கவலையே இல்லாமல்.

அங்கே இன்னும் மூன்று நாய்கள், மூன்றுக்கும் மாலை. ஆளுக்கொரு தட்டில் சோறும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தன. நான் போட்ட சத்தத்தில் நேப்பாளத்து ஆட்களில் மூத்தவன் வெளியே வந்தான். இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்ட தமிழில், "அம்மா, எங்க ஊர்ல இன்னிக்கி நாய்க்குப் பூஜை. காவல் காக்குதுல்ல, அதுக்கு," என்றான்.

கரண்டியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டு வருஷம் நான் கொழுந்து வெட்டிய தேயிலை நிரையெல்லாம் என் கூடவே நடந்த நாய் அது. நான் அதற்குப் போட்டதெல்லாம் மீன் முள்ளும் வசவும்தான். ஒரு பூ வைத்ததில்லை.

"நாங்க வீட்ட விட்டுட்டு ஈப்போ போறோம். இத நீ வச்சிக்கிறியா?" என்று கேட்டேன்.

அவன் குனிந்து நாயின் முதுகைத் தடவினான். "வச்சிக்கிறேன். ஆனா எனக்குப் பெர்மிட் இன்னும் ரெண்டு வருசந்தான் அம்மா. அப்புறம் ஊருக்குப் போயிருவேன்."

"ரெண்டு வருசம் போதும்ப்பா. அதுக்கு மேல இது இருக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவன் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. நாய் தலையைத் தூக்காமல் முட்டையைத் தின்றுகொண்டிருந்தது. அவன் என்ன நினைத்தானோ, உள்ளே போய் எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தான்.