கைப்பையில் தங்கிவிட்ட இரண்டு வரி

அப்போதெல்லாம் சனிக்கிழமைதோறும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைபர் கஃபேயில், கிள்ளான்காரர் ஒருவரின் சொந்த இணையப் பக்கத்தைப் படிப்பேன். மனைவி இறந்தபின் ஒரு ஆளுக்கு அரிசி அளக்கத் தெரியாமல் தவிப்பதைத்தான் எழுதுவார்.

"படிச்சவங்க எழுத கீழே கெஸ்ட்புக் இருக்கு. ரெண்டு வரி போடுங்க லா அக்கா," என்பார் கடைக்காரர்.

"அடுத்த வாரம் பார்ப்போம்," என்று நழுவுவேன்.

ஒருநாள் பக்கத்தில் ஒரே வரி: "யாரும் படிப்பதாகத் தெரியவில்லை, நிறுத்திக்கொள்கிறேன்."

பதறிப்போனேன். அப்போதும், பிழையில்லாமல் எழுத வேண்டுமே என்று வீட்டில் தாளில் எழுதி, மறுவாரம் எடுத்துப்போனேன். பக்கமே இல்லை.

இப்போதெல்லாம் யார் எழுதியது பிடித்தாலும், தப்போ சரியோ, அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். அவருக்கு எழுதிய தாள் மட்டும் கைப்பையிலேயே கிடக்கிறது: "ஐயா, நானும் ஒரு ஆளுக்குத்தான் சமைக்கிறேன். உங்களைப் படித்த நாளில்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்."