ஊறுகாய் பரிமாறிய நேரத்தில் ஹோம் திருட்டு

மொன்றியலில் எதைப் பார்க்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் சொல்லப்போகும் இடத்தில் இப்போது டென்னிஸ் ஆடுகிறார்கள். எழுபதுகளின் நடுவில் அது ஜாரி பூங்காவின் பேஸ்பால் மைதானம். ஒட்டாவாவில் ஐந்து வருஷம் எஞ்சினியராக இருந்த என் கணவர் சுந்தரம் சென்னைக்கே திரும்ப முடிவு செய்து, பத்தே நாள் பாக்கி. பெட்டி கட்டுகிற வேலையைப் போட்டுவிட்டு, ஒரு செப்டம்பர் சனிக்கிழமை என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார்.

காரணம், ஒரு திருட்டு. பேஸ்பாலில் ஓடுகிறவர் மூன்று பேஸ்களைத் தாண்டி, கிளம்பின இடமான ஹோமைத் தொட்டால்தான் ஒரு ரன். பந்து வீசுபவர் அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டால் அது திருட்டு. இரண்டாவது பேஸை யார் யாரோ திருடுவார்கள். ஹோமைத் திருடுவதுதான் அபூர்வம், ஏனென்றால் பந்தும் அங்கேதான் வருகிறது. 1969-ல் அமெரிக்காவில் ஒருவர் ஒரே பருவத்தில் ஏழு முறை அதைச் செய்தார் என்று இவர் பேப்பரில் படித்ததோடு சரி. "ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும், நிம்மதியா பிளேன் ஏறிடுவேன்" என்றார்.

காலை எட்டு மணி பஸ். இருநூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பஸ் நிலையத்தின் அடியிலேயே மெட்ரோ, ஏழாவது நிறுத்தம் ஜாரி, அங்கிருந்து பத்து நிமிட நடை. ஆளுக்கு ஒரு டாலரில் இடது கோடியில் பலகை இருக்கை. கூரை கிடையாது, தொப்பி அவசியம். பக்கத்தில் துறைமுகத் தொழிலாளி ஒருவர் "போன்ஜூர் மதாம்" என்று வேர்க்கடலை நீட்டினார்.

ஐந்து சுற்று வரை சுந்தரம் கண் கொட்டவில்லை. தண்ணீர்கூட வேண்டாமாம்! ஆறாவது சுற்றில் மொன்றியல் அணி ஆள் ஒருவர் மூன்றாவது பேஸுக்கு வந்து சேர்ந்தார். பந்து வீசுபவரோ கையைத் துடைப்பதும் தொப்பியைச் சரிசெய்வதுமாக நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள். சேப்பாக்கத்தில் பந்து வீசுபவர் திரும்பி நடக்கும்போதுதான் நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம்.

"ஏங்க, அவன் சும்மாதானே நிக்கறான். ரெண்டு வாய் தயிர் சாதம் சாப்பிடுங்க. ஊறுகாய் வைக்கட்டுமா?"

"ஓரமா வை" என்று டப்பாவைப் பார்த்துக் குனிந்தார்.

அவர் தலைக்கு மேலே நான் பார்த்தேன். வீசுபவர் கையைத் தூக்கினார், மூன்றாவது பேஸ்காரர் பாய்ந்துவிட்டார். புழுதி எழுந்தது. அவுட் இல்லை என்று நடுவர் இரண்டு கையையும் அகல விரித்தார். மொத்த மைதானமும் எழுந்து கத்தியது. "மதாம்! நீங்க பாத்தீங்க! நானும் பாத்தேன்!" என்று துறைமுகக்காரர் அரைகுறை ஆங்கிலத்தில் கூவி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சுந்தரம் நிமிர்ந்தார். விரலில் ஊறுகாய் எண்ணெய். "என்ன ஆச்சு?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேள்விதான் கேட்டுக்கொண்டே வந்தார். எப்போ கிளம்பினான்? சறுக்கினானா? எந்தக் கால் முதல்ல பட்டுது? அவ்வளவு தூரத்தில், அந்தப் புழுதியில், எனக்குக் கால் எங்கே தெரிந்தது? அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இடது கால்" என்றேன்.

நீங்கள் போனால் ஜாரி மெட்ரோவிலேயே இறங்குங்கள், பூங்கா இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. எந்த ஊர் பேஸ்பால் மைதானத்துக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மூன்றாவது பேஸில் ஆள் நிற்கும்போது டப்பாவைத் திறக்காதீர்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சுந்தரம் இந்தக் கதையைச் சொல்வார். வருஷங்கள் போகப்போக, அவரே நேரில் பார்த்ததாகவும், டப்பாவுக்குள் குனிந்திருந்தது நான் என்றும் மாறிவிட்டது. "இவ பாக்கல, நான் பாத்தேன். இடது கால் முதல்ல பட்டுது" என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்று சொல்லிவிடுவேன்.