கயிற்றை அவிழ்த்தது காதர் அண்ணன் இல்லை

தண்ணீர்மலை அடிவாரக் கடையில் ரொட்டிச் சானாயைப் பிய்த்துக் குழம்பில் தொட்ட நேரத்தில் காதர் அண்ணன் மகள் மும்தாஜ் போன் செய்தாள். "வீரா சாச்சா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. பஜர் தொழுதுட்டுப் படுத்தவங்க, எழுப்பினா எந்திரிக்கல." கையிலிருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "என்ன தாத்தா, குழம்பு சரியில்லையா?" என்றார் கடைக்காரர். "குழம்பு நல்லாத்தான் இருக்கு. என் ஆளு போயிட்டாரு" என்றேன்.

நல்லடக்கம் முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றோம். அந்தக் காலத்துப் படகுக்காரர்களில் என்னையும் சேர்த்து நாலு பேர்தான் மிச்சம். "தங்கமான மனுசன்லா" என்றார் ஒருவர். "ஆனா அன்னிக்குத் தண்ணியத் தப்பாப் பார்த்து, தொங்கான் படகக் கொண்டுபோய்ப் பாலத்துக்கு அடியில சொருகினாரு பாருங்க!" எல்லோரும் சிரித்தார்கள். பாசத்தோடுதான் சிரித்தார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அறுபது வருடமாகத் தலையைக் குனிந்துகொள்கிற நான், அன்றும் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். காதர் அண்ணனை அறிந்த எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

பிராங்கின் கால்வாயில் படகு ஓடியது என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நாங்கள் ஓட்டினோம். கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளி நிற்கும். அங்கே போய் அரிசி மூட்டைகளை இறக்கி, தொங்கான் என்கிற அகலமான சரக்குப் படகில் ஏற்றி, நகரத்துக்குள் சந்தை வரைக்கும் கொண்டுவருவோம். காதர் அண்ணன் பின்னால் நின்று சுக்கான் பிடிப்பார். நான் முன்னால் கழி ஊன்றுவேன். சில நாள் பிறை ஆற்றுக்குள் போய் விறகுக்கரி ஏற்றி வருவதும் உண்டு. கரிப்படகில் வந்து இறங்கினால் எங்கள் இருவரில் யார் யாரென்று என் மனைவிக்கே குழப்பம் வரும்.

தைப்பூசத்துக்கு நான் விரதம் இருக்கும் நாட்களில் அவர் படகில் கருவாடு சுடமாட்டார். "வாடை பட்டு உன் விரதம் கெட்டுச்சுன்னா, முருகன் என்னையில்ல வந்து கேப்பாரு" என்பார். அவருடைய நோன்பு மாதத்தில் நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து தண்ணீர் குடிப்பேன். "டேய் வீரா, நீ முழுங்குற சத்தம் அக்கரை பட்டர்வொர்த்துக்கே கேக்குது. வெளிய வந்து குடி" என்று சுக்கானிலிருந்து குரல் வரும்.

அந்தக் கால்வாயில் ஒரு தாழ்ந்த பாலம் இருந்தது. மூட்டை ஏற்றிய படகு தண்ணீரில் நன்றாக அமிழ்ந்திருக்கும். கடல் தண்ணீர் ஏறும் நேரத்தில் குனிந்தபடி உள்ளே நுழைந்துவிடும். மூட்டையை இறக்கிவிட்டால் படகு மிதந்து எழும்பிக்கொள்ளும். பிறகு தண்ணீர் வற்றத் தொடங்கும்வரை வெளியே வர முடியாது. அதற்குக் காதர் அண்ணன் ஓர் அடையாளம் வைத்திருந்தார். பாலத்துக் காலில் மேலிருந்து மூன்றாவது கல். அது நனைந்திருந்தால் படகு கட்டிய கயிற்றைத் தொடக்கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று தைப்பூச வெள்ளித் தேர் புறப்பட்ட நாள். எனக்குப் புதுக் கல்யாணம். தேருக்கு முன்னால் சேர்ந்து தேங்காய் உடைப்போம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். மத்தியானத்துக்குள் மூட்டைகளை இறக்கிவிட்டோம். "தேர் எங்கயும் ஓடிப்போயிடாது. இரு, தொழுதுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் கரையேறினார். மூன்றாவது கல் நனைந்திருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தேன். கொஞ்சம் குனிந்தால் போய்விடலாம் என்று நினைத்தேன். நான் குனிந்தேன், படகு குனியவில்லை.

முன்பாதி பாலத்துக்கு அடியில் போய் இறுகிக்கொண்டது. தண்ணீரோ இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அது படகை மேலே தூக்கத் தூக்க, பலகைகள் முறிகிற சத்தம் கேட்டது. காதர் அண்ணன் ஓடிவந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையைப் பார்த்து, "மாரி! மாரி! வாங்க, எல்லாரும் ஏறுங்க!" என்று மலாயும் தமிழுமாகக் கத்தினார். பருத்த சீனத் தவ்கே ஒருவர், மீன்கடை முதலாளி, தயங்கினார். "தவ்கே, உங்களத்தான் முதல்ல கூப்பிட்டேன்!" என்றார் காதர் அண்ணன். சீனர் சிரித்துக்கொண்டே பின்பக்கம் குதித்தார். பின்னாலேயே இன்னும் முப்பது பேர். தேருக்கு உடைக்க வைத்திருந்த தேங்காய் மூட்டைகளும் வந்தன. படகு மெல்ல அமிழ்ந்து, ஒரு பெருமூச்சு விட்டதுபோல, வந்த பக்கமே பின்வாங்கியது. முன்பக்கத்து மரம் மட்டும் பிளந்து தொங்கியது.

நான் பிளந்த மரத்தைத் தூக்கிப் பிடிக்கப் போனேன். காதர் அண்ணன் என் தோளைப் பிடித்து, "இவ்வளவும் தேர் பாக்கத்தானே பண்ணின? போ. பாக்காம வந்தீன்னா அப்புறம் எனக்குக் கோவம் வரும்" என்றார். போனேன். சாயங்கால வெயிலில் தேர் அசைந்து வந்தது. நானும் அவளும் தேங்காய் உடைத்தோம்.

மறுநாள்தான் தெரிந்தது. முதலாளி வந்து, கயிற்றை யார் அவிழ்த்தது என்று கேட்டிருக்கிறார். "நான்தான். தண்ணியத் தப்பாப் பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டார் காதர் அண்ணன். நானென்று தெரிந்திருந்தால் அன்றைக்கே என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள். கால்வாயை அறிந்தவர் என்பதால் அவரை அனுப்பவில்லை. ஆனால் புதிதாக வாங்கவிருந்த மோட்டார்ப் படகை அவரிடம் கொடுப்பதாக இருந்தார்கள். அது வேறொருவர் கைக்குப் போனது. கால்வாயில் படகு ஓடுவது நின்றுபோகும்வரை அவர் கழிப்படகிலேயே இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் கிளம்பியபோது, "ஒரு திட்டுக்கு ரெண்டு பேரு எதுக்குடா? ஒருத்தன் வாங்கியாச்சு, விடு" என்றார். பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் அந்தக் கதையை அவர் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த நேரத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

இந்த இடம் வந்ததும் மருமகள் பேனாவை நிறுத்தினாள். "மாமா, இப்ப போய் இதெல்லாம் எழுதணுமா? உங்களத்தானே பேசுவாங்க." எழுதும்மா என்றேன். பேசட்டும்.

காதர் அண்ணன் ஒரு நாளும் தண்ணீரைத் தப்பாகப் பார்த்ததில்லை. கயிற்றை அவிழ்த்தவன் வீராசாமி. இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்; நன்றாகச் சிரியுங்கள். அவர் எனக்காக வாங்கிக்கொண்ட திட்டை இன்று நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். தேர் பார்த்த அந்தச் சாயங்காலத்தை மட்டும் திருப்பித் தரமாட்டேன். அது அவர் கொடுத்தது. என்னிடமே இருக்கட்டும்.