வியாழனுக்குப் பதில் புதன்

சிவகாசியில் அடுத்த வருடம் ஆடி மாதமே வந்துவிடும். ஆடிப்பெருக்கன்று அச்சகங்கள் புதிய காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டதும் ஊரில் பாதிப்பேர் அந்த வருடத்துக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள். நான் அங்கே ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டருக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். திருமணத்துக்கு முன்பு மதுரையில் ஒரு நாளிதழில் பார்த்த அதே வேலை. அங்கே நேற்று நடந்ததைத் திருத்தினேன். இங்கே இன்னும் வராத நாள்களை. முகூர்த்தம், ராகுகாலம், அமாவாசை, அரசு விடுமுறை. கணவர் அதே அச்சகத்துக்காகக் கேரளாவில் ஆர்டர் பிடித்துவருவார். வீடு விருதுநகரில். தினமும் ஆமத்தூர் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தேன்.

குழந்தைக்காக மதுரையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தோம். சோதனைக்குழாய் முறையில் மூன்று தடவை முயன்று மூன்றும் தவறிப்போயின. முதல் தடவை இருவரும் அழுதோம். இரண்டாவது தடவை நான் மட்டும் அழுதேன். மூன்றாவது தடவை திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. விருதுநகர் வரும்வரை அந்தக் கேட்டைப் பற்றி மட்டுமே பேசினோம்.

எப்போது நிறுத்துவது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. டாக்டர் அம்மா நேர்மையானவர். வாய்ப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நான் நிறுத்தினால் அது கணவருக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

2005 தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் பேசினார். நான்காவது முயற்சியைத் தொடங்குவதென்றால் அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை வரச் சொன்னார். நான் அச்சக மேசையில் இருந்த காலண்டர் தாளைப் பார்த்து, வியாழனைக் கண்டுபிடித்து, தேதியைக் கணவரிடம் சொன்னேன். மேசையில் இருந்தது அடுத்த வருடத்துத் தாள். அதில் வியாழனாக இருந்த தேதி இந்த வருடத்தில் புதன்.

சீசனில் எங்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான், அதனால் கிழமை மனதில் நிற்பதில்லை. நான் சொன்ன தேதியன்று காலையில்தான் கணவர் கோட்டயத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். மருத்துவமனையின் கண்ணாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

"அம்மா புதன்கெளம வெளியூரு போயிருவாகளே. நாளைக்கு வாங்க" என்றார் காவலாளி.

"இன்னைக்கு வியாழன்தானே?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கிட்டிருந்து வாரீக?"

"சிவகாசிப் பக்கம்" என்றார் கணவர்.

"காலண்டர் அடிக்கிற ஊரா? அங்கனயே கெளம தெரியலைன்னா நாங்க யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

கணவர் சத்தம்போட்டுச் சிரித்தார். அந்தத் தெருவில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பக்கத்திலிருந்த ஓட்டலுக்குப் போனோம். வழக்கமாக மருத்துவமனை நாள்களில் அவர் டீயோடு நிறுத்திக்கொள்வார். அன்று பொங்கல் சாப்பிட்டார், பிறகு ஒரு ரோஸ்ட். ரோஸ்ட் பாதி இருக்கும்போது கையை நிறுத்தினார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பூட்டைப் பாத்ததும் எனக்கு அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு."

"எனக்கும்தான்."

"நெசமாவா?"

"நெசமா. நீங்க வருத்தப்படுவீகன்னு மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன்."

அவர் சட்னியைத் தள்ளிவைத்தார், பிறகு திரும்ப இழுத்துக்கொண்டார். "நாளைக்குத்தான் நெசமான வியாழன். வரணுமா?"

மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று அவர் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

"வேண்டாம்" என்றேன். "போதும்."

வீட்டில் மாமியார் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "என்னத்தா சொன்னாக?"

கிழமை மாறிப்போன கதையைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்குப் போறீகளா?"

"இல்லம்மா, நிப்பாட்டிக்கிறோம்" என்றார் கணவர்.

"ரெண்டு பேரும் பேசித்தானா? இல்ல, நீயா சொல்லுதியாலே?"

"பேசித்தான் அத்தை" என்றேன்.

மாமியார் அடுத்த பூண்டை எடுத்தார். "ஊசி குத்திக் குத்தி ஒன் வயிறு கன்னிப்போயிக் கெடந்ததப் பாத்தவ நான். எப்பவோ போதும்னு சொல்லியிருப்பேன். மாமியாக்காரி சொன்னா, மகனுக்கு வேற பொண்ணு பாக்கப் போறான்னுல்ல ஊரு பேசும்? அதான் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

மூன்று பேரும் ஆளுக்கொரு காரணத்துக்காக அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறோம்.

"ஆனா ஒண்ணு" என்றார் மாமியார், முறத்தைத் தட்டிக்கொண்டே. "கெளம தெரியாம பஸ் ஏறுனத வெளிய சொல்லிராதீக. ஒங்க கம்பெனி காலண்டரை ஒருத்தன் வாங்க மாட்டான்."

வருத்தம் பிறகும் வந்தது. வளைகாப்பு அழைப்பு வந்த நாள்களில், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதங்களில். வந்து, இருந்துவிட்டுப் போனது.

மறுநாள், உண்மையான வியாழன், வேலைக்குப் போனேன். முந்தின நாள் லீவு சொல்லியிருந்ததால் என் மேசையில் தாள்கள் குவிந்து கிடந்தன. பத்தரை மணிக்கு மதுரையில் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த நேரம் எப்படி இருக்கும் என்று பார்க்க நினைத்திருந்தேன். ஆனி மாதத்தில் ஒரு வளர்பிறை முகூர்த்தம் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, கீழே இருந்த நல்ல நேரத்தைச் சரிபார்த்து, நிமிர்ந்தபோது கட்டிங் பகுதிப் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தரை எப்போதோ போய்விட்டிருந்தது.

"வாங்கக்கா, சாப்பிடலாம்" என்று இடம் ஒதுக்கினாள் ஒருத்தி. போய் உட்கார்ந்தேன்.