நத்தார் நடனத்துக்குத் தைத்த கவுன்கள்

நேற்று மொன்ட்ரியாலின் கார்ட்டியர்வில்லில் ஒரு மருந்துக்கடையில் முழங்கால் வலிக்குக் களிம்பு தேடிக்கொண்டிருந்தேன். விற்பனைப் பெண் "பொன்ஜூர், மதாம்" என்று சொல்லி என் மணிக்கட்டில் எதையோ தெளித்துவிட்டாள். ஓடிக்கொலோன் வாசனை. களிம்பை மறந்து வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நான்கு சிநேகிதிகள் அதைக் கைக்குட்டையில் நனைத்துக்கொண்டு திரிந்தோம். அப்பாமார் டாக்டர், அப்புக்காத்து என்கிற வக்கீல். எங்களுக்குப் பியானோ, டெனிஸ், ஆங்கில நாவல். சந்திகளில் ஆமிக்காரர் நிற்கத் தொடங்கிய காலம். எங்கள் கவலையோ கிறிஸ்மஸுக்கு நடக்கும் நத்தார் நடனத்துக்கு என்ன கவுன் என்பதுதான். சிரிக்காதீர்கள், சப்பாத்தின் நிறம் பொருந்தவில்லையென்று நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நடனத்தன்று பின்னேரம் எங்களில் ஒருத்தியான டாக்டர் மகள் ரெஜினா வீட்டில் உடுத்திக்கொண்டிருந்தோம். அவளுக்கு லண்டன் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். என் கவுன் மட்டும் வரவில்லை. கை நீளம் சரியில்லையென்று நான்தான் தையற்காரர் சவரிமுத்து அண்ணைக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

அதைக் கொண்டு வரும் வழியில் அவரை ஆமி சுட்டுவிட்டது. இரண்டு பேர் தூக்கி வந்து விறாந்தையில் கிடத்தினார்கள். டாக்டர் வீட்டில் இல்லை. ரெஜினா தன் பட்டுக் கவுனைக் கிழித்து அவருடைய தொடையில் அழுத்தினாள்.

"பிள்ளை, பட்டு... பழுதாப் போயிடும்," என்றார் அவர்.

"கதையாதேங்கோ அண்ணை. என்னைப் பாருங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வந்து பிடியடி!"

நான் கதவுநிலையைப் பிடித்தபடியே நின்றேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

லண்டன் கலியாணத்தை ரெஜினா வேண்டாமென்றாள். "எனக்கு வேலை தெரிஞ்சிருந்தா அந்தாள் செத்திருக்காது," என்று மட்டும் சொல்லி, தாதிப் படிப்புக்குப் போனாள். நான் கலியாணம் கட்டி மொன்ட்ரியாலுக்கு வந்தேன். வருடக்கணக்காகக் கடிதங்கள் வந்தன. நான் பனியைப் பற்றி எழுதுவேன். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இருவருமே ஒரு வரி எழுதவில்லை. ஒருநாள் கடிதங்கள் நின்றன.

பிறகு எங்கள் கோயிலில் நான் ரெஜினாவைப் பற்றி விசாரித்தபோது ஒரு மன்னார்ப் பெண் சொன்னாள்: "எங்கட இடம்பெயர்வில அந்த நேர்ஸ் அக்காதான் என்ர மகனுக்குக் காயம் தைச்சவா. அடுத்த நாள் ஆஸ்பத்திரியா மாத்தின அந்தப் பள்ளிக்கூடத்தில ஷெல் விழுந்தது. அவா உள்ளுக்கை நிண்டவா."

அன்றைய நடனம் நடக்கவில்லை; பிறகு ஒருபோதும் நடக்கவுமில்லை. மற்ற இரண்டு சிநேகிதிகளும் செத்துப்போய்விட்டார்கள். ரெஜினாவைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி எத்தனை வருடமோ.