இடைவேளையில் கேட்டவர்

ஊரே கொண்டாடிய படம் அது. அமெரிக்காவில், எங்கள் ரிச்சர்ட்சனில் அதைப் பார்க்க வராத தமிழ்க் குடும்பமே இல்லை. இடைவேளையில் சமோசா வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். நாற்பது வயதிருக்கும். கதாநாயகனின் முகம் அச்சடித்த டி-ஷர்ட் போட்டிருந்தார். சுத்தமாகவே இருந்த மூக்குக்கண்ணாடியை டி-ஷர்ட் நுனியால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கூட வந்த நண்பர்கள் தள்ளி நிற்பதைப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சார், உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குப் படம் புடிச்சிருக்கா?”

“வெளிய சொல்லிடாதீங்க. செம போர்.”

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“லேஆஃப்ல வேலை போனதுலேர்ந்து எனக்கு எதுவுமே புடிக்கல சார். சாப்பாடு, பாட்டு, என் பொண்ணு சிரிக்கிறதுகூட. இங்க எல்லாரும் விசிலடிக்கிறாங்க. நான் மட்டும் உள்ளுக்குள்ள செத்துட்டேனோன்னு பயந்துட்டேன்.”

“சேச்சே, படம்தான் சார் சரியில்ல.”

“ப்ராமிஸா?”

“ப்ராமிஸ்.”

இடைவேளைக்குப் பிறகு, கைதட்டல் எழுந்தபோதெல்லாம் முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைத் தேடினார். திரை வெளிச்சத்தில் அவருக்குத் தெரியட்டும் என்று கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் காட்சிக்கு அரங்கமே அதிர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரும்பினார். நான் அசையவில்லை.

அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.